முகவரியும் ஒரு வேலியோ?

ஒருவரின் தகுதியை அவர் குடியிருக்கும் தெருவைக்கொண்டு அளப்பது நீதியாகுமா? அமெரிக்காவில் 1930களில் அவ்வாறே அளந்தனர். அரசாங்க வீட்டுக்கடன் நிறுவனமொன்று, நகரப் படங்களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்குச் சிவப்பு வர்ணம் தீட்டியது. அங்கே வீடு வாங்கக் கடன் கிடைப்பது அரிதாயிற்று. 1968ஆம் ஆண்டுச் சட்டம் இப்பாகுபாட்டைத் தடைசெய்தது. ஆயினும், பெற்றோருக்குச் சொந்த வீடு கிட்டாமற்போனதன் விளைவு பேரப்பிள்ளைகளையும் தொடர்கின்றது.

நமது கண்டியில் எவரும் அத்தகைய படம் வரைந்ததில்லை. வரையாமலே ஒரு கோடு விழுந்தது. அதன் பெயர் லயம். 'லைன்' என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு அது. கோப்பிக் காலத்தில் தோன்றிய இவ்வரிசை அறைகள், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட பின்னர் மலையெங்கும் பெருகின. 10 அடிக்கு 12 அடி அளவான ஓர் அறையே பல குடும்பங்களுக்கு உலகமாயிற்று. அறையோ தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் கூரையும் போகும்.

நகரத்துக்குள்ளும் இதே கதைதான். கண்டியைத் துப்புரவு செய்யத் தென்னிந்தியாவிலிருந்து அழைத்துவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் மஹியாவையில் நெருக்கமான வரிசை வீடுகளில் வாழ்கின்றனர். பரீட்சையில் சித்தியெய்திய இளைஞரும், வேலைக்கு விண்ணப்பிக்கையில் அம்முகவரியை எழுதத் தயங்குவதுண்டு. ஊரைச் சுத்தமாக்கியவருக்கு ஊர் அளித்த வெகுமதி இதுவோ?

1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. நாடற்றவருக்கு அரசாங்கக் காணி ஏது? 1964இல் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் உரியவராகப் பங்கிட்டது. எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. வாக்குச்சீட்டு வந்தது, வீட்டுமனை வரவில்லை.

2015க்குப் பின்னர் 7 பேர்ச் காணியில் தனி வீடு என்னும் திட்டம் எழுந்தது. தோட்டப்புறங்களில் 4,000 வீடுகளுக்கு உதவிய இந்தியா, 2017இல் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தது. நற்செய்தியே. ஆனால் சுவரும் கூரையும் மட்டும் வீடாகிவிடா. காணி உறுதி கையிலிருந்தால் வங்கி கடன் தரும். மகளின் படிப்புக்கு அது ஈடாகும். 'வெளியேறு' என எவரும் சொல்லவியலாது. உறுதியில்லாத வீடு, புதிய ஓடு வேய்ந்த பழைய லயமே.

ஆகவே, வீடு கட்டுவோரிடம் எண்ணிக்கையைக் கேட்பதோடு நில்லாது, உறுதி எங்கே என்றும் கேட்போமாக.