தேன்சிட்டும் சிலந்தி நூலும்

கண்மாய் நீரையும் மழையையும் நம்பி வாழும் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆவூர் போன்ற சிற்றூர்களின் கொல்லைப்புறங்களில் முருங்கை பூத்ததும் வந்து சேரும் விருந்தாளி தேன்சிட்டு. நம் சமவெளியில் பரவலாகக் காணப்படுவன ஊதாத் தேன்சிட்டும் ஊதாப்பிட்டத் தேன்சிட்டும் ஆகும். பின்னதை 1766ஆம் ஆண்டிலேயே லின்னேயஸ் அறிவியல் பெயரிட்டு விவரித்துள்ளார். அதன் நீளம் 10 செ.மீ.க்கும் குறைவு. ஆண்பறவையின் உச்சி பச்சையாகவும் தொண்டையும் பிட்டமும் ஊதாவாகவும் வெயிலில் மின்னும், வயிறு மஞ்சள். பெண்பறவைக்கு இந்தப் பகட்டு இல்லை.

வளைந்த அலகும் குழல் போன்ற நாவும் பூவின் அடியிலுள்ள தேனை எட்ட உதவுகின்றன. அப்போது தலையில் ஒட்டும் மகரந்தம் அடுத்த பூவைச் சேர்கிறது. புல்லுருவியின் நீண்ட பூக்கள் இப்பறவையால் பெரிதும் பயன்பெறுகின்றன. செம்பருத்தியிடம் மட்டும் இந்த நேர்மை செல்லாது. சில வேளைகளில் பூவின் அடியைத் துளைத்துத் தேனைக் களவாடிச் செல்லும்.

தேன்சிட்டை அமெரிக்கக் கண்டங்களின் ஹம்மிங் பறவையோடு ஒன்றாக எண்ணுவோர் உண்டு. அது தவறு. ஹம்மிங் பறவைக்கு நெருங்கிய உறவு உழவாரன். தேன்சிட்டோ காகமும் சிட்டுக்குருவியும் அடங்கிய பெரும்பிரிவைச் சேர்ந்தது. ஒரேவகை உணவே இரண்டின் தோற்றத்தையும் ஒத்ததாக்கியது. தேன்சிட்டு பெரும்பாலும் கிளையில் அமர்ந்தே தேன் உண்ணும்.

ஆயினும், 'தேன்சிட்டு' என்னும் பெயர் பாதி உண்மையையே சொல்கிறது. தேனில் சர்க்கரை மிகுதி. உடல் வளர்ச்சிக்கு வேண்டிய புரதம் மிகக் குறைவு. எனவே குஞ்சுகளுக்குத் தாயும் தந்தையும் சிலந்திகளையும் சிறு பூச்சிகளையும் பிடித்துவந்து ஊட்டுகின்றன. கூட்டுக்கும் சிலந்தியே துணை. பெண்பறவை நுண்ணிய நார்களைச் சிலந்தி நூலால் பிணைத்துத் தொங்கும் பை போன்ற கூட்டைக் கட்டுகிறது. பக்கவாட்டில் வாயில், அதன்மேல் மழை புகாதவாறு சிறு தாழ்வாரம். வெளிப்புறத்தில் மரப்பட்டைத் துணுக்குகளையும் புழுக்களின் எச்சத்தையும் ஒட்டிவிடுவதால், காண்போருக்கு அது நூலாம்படையில் சிக்கிய குப்பையாகவே தோன்றும். துடைப்பத்துக்கு இரையாகும் கூடுகளும் உண்டு.

பூச்செடிகள் நிறைந்த தோட்டத்திலும் பூச்சிக்கொல்லியை மிகுதியாகத் தெளித்தால் குஞ்சுகளின் இரை குறைந்துவிடும். தாய்ப்பறவை பெரும்பாலும் இரண்டு முட்டைகளே இடும். ஏறத்தாழ இரண்டு வாரம் அடைகாத்தபின் பொரிக்கும் குஞ்சுகள், மேலும் இரண்டரை வாரமளவு இந்த இரையை உண்டே வளர்ந்து, கூட்டைவிட்டுப் பறக்கின்றன.