எழுத்து போகட்டும், வண்ணம் இருக்கட்டும்!

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்)

'பதறாத காரியம் சிதறாது' என்பார்கள் பெரியோர். நான் பதறினேன், சிதறியது என் தந்தையாரின் கார். அந்தக் கதையையும், அதன்பின் நான் கற்றுக்கொண்ட வேதியியலையும் சொல்லவே இக்கட்டுரை.

என் தந்தையார் வாடகைக் கார் ஓட்டுபவர். இருபது ஆண்டுகள் பிறர் காரை ஓட்டி, கிரிவலம் வருவோரை ஏற்றி இறக்கியவர். சென்ற ஆண்டுதான் கடன் வாங்கி, சொந்தமாக ஒரு பழைய கார் வாங்கினார். அதன் டிக்கியில் முந்தைய உரிமையாளரின் பெயர், வெள்ளி போல் மின்னும் பிளாஸ்டிக் எழுத்துகளில் ஒட்டப்பட்டிருந்தது. தன் காரின்மேல் இன்னொருவர் பெயர் இருப்பது அவருக்கு உறுத்தலாக இருந்தது. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்தவன் நான் ஒருவனே. "நீதான் காலேஜில கெமிஸ்ட்ரி படிக்கிறியே, பார்த்து எடுத்துடுப்பா" என்றார்.

நானும் சவர பிளேடும் ஸ்குரூ டிரைவருமாக இறங்கினேன். மூன்று எழுத்துகள் வந்தன. அவற்றோடு வண்ணமும் பெயர்ந்து வந்தது. அடியில் சாம்பல் நிறம் தெரிந்தது. ஓரிடத்தில் தகடே தெரிந்தது. தந்தையார் திட்டவில்லை. "படிக்கிற புள்ள, தெரிஞ்சுதான் செய்வன்னு விட்டுட்டேன்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் அவ்வளவு வலித்திருக்காது.

நான் எதைக் கெடுத்தேன் என்பதை முதலில் பார்ப்போம். காரின்மேல் நாம் காணும் வண்ணம் ஒரே பூச்சு அன்று. எஃகுத் தகட்டின்மேல் மெல்லிய பாஸ்பேட் படலம், அடுத்து, காரின் கூட்டையே தொட்டியில் முக்கி, மின்சாரத்தால் படியவைக்கும் துருத்தடுப்புப் பூச்சு, அதன்மேல் பிரைமர், பிறகு நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி போன்ற நிறமற்ற பூச்சு. இத்தனையும் சேர்ந்த கனம் ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான்தான். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே ஒரு மைக்ரான். அதாவது, இரண்டு தலைமுடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கனம்! இதைப் பிளேடால் சுரண்டினால் என்ன ஆகும்?

சரி, எழுத்துகள் காரில் எப்படி நிற்கின்றன? இருவகை உண்டு. அம்பாசிடர் போன்ற பழைய கார்களில் உலோக எழுத்துகளின் பின்னால் ஆணி போன்ற முனைகள் இருக்கும். அவற்றைத் தகட்டின் துளைகளில் செருகி, உட்புறம் பூட்டியிருப்பார்கள். இவற்றை வெளியிலிருந்து நெம்பவே கூடாது. உட்புறப் பூட்டைக் கழற்றி, பின்னாலிருந்து மெல்லத் தள்ள வேண்டும். எழுத்து போனபின் துளையை அடைக்காவிட்டால், மழைநீர் புகுந்து துருப்பிடிக்கும்.

இக்காலக் கார்களில் பெரும்பாலும் பசைதான். இருபுறமும் அக்ரிலிக் பசை கொண்ட நுரை நாடா, எழுத்துக்கும் காருக்கும் நடுவே அமர்ந்திருக்கும். இவ்வகையில் புகழ்பெற்ற வலிய நாடாவை அமெரிக்காவின் 3எம் நிறுவனம் 1980-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

பசையின் குணத்தை அறிய நாம் அமெரிக்கா போக வேண்டியதில்லை. நம் ஊர் அருணாசலேசுவரர் கோயிலில் 2017 பிப்ரவரி 6 அன்று குடமுழுக்கு நடந்தது. தெய்வத் திருமேனிகளைப் பீடத்தில் பதிக்க அஷ்டபந்தன மருந்து சாத்துவது கோயில் மரபு. கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் முதலான எட்டுப் பொருள்களைச் சேர்த்து, உலக்கையால் இடித்து இடித்து இளக வைப்பார்கள். இளகிய பதத்தில் சாத்தினால், நாளடைவில் கல்லாக இறுகிவிடும். இளகும் பதம் தெரிந்தவரே ஒட்டவும் வல்லவர், பிரிக்கவும் வல்லவர்.

அக்ரிலிக் பசைக்கும் அப்படி ஒரு பதம் உண்டு. அதன் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். ஒன்றோடொன்று சிக்கிக் கிடப்பவை. வெடுக்கென்று இழுத்தால், சிக்கு விலக நேரமில்லாமல் அவை இறுக்கமாக எதிர்க்கும். அந்த இழுவை வண்ணத்தின்மேல் விழுகிறது. சூடேற்றி மெதுவாக இழுத்தாலோ, சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நழுவிவிடும். அவசரத்தைப் பசையே எதிர்க்கிறது என்று கொள்ளலாம்.

இதையெல்லாம் நான் பின்னர் நூலகத்தில் படித்தேன். ஆனால் மீதி எழுத்துகளை எடுத்துத் தந்தவர், பள்ளியைப் பாதியில் விட்ட பட்டறைப் பெயிண்டர் அண்ணன் ஒருவர். அவர் செய்த முறை இது.

முதலில் சோப்பு நீரால் கழுவித் துடைத்தார். மணல் துகள் வண்ணத்தைவிடக் கடினமானது; கழுவாமல் தேய்த்தால் உப்புத்தாளால் தேய்த்தது போலாகும். பிறகு வெந்நீரில் நனைத்த துணியை எழுத்தின்மேல் சில நிமிடம் மாற்றி மாற்றி வைத்தார். முடி உலர்த்தும் கருவியையும் ஒரே இடத்தில் நிறுத்தாமல் காட்டலாம். கை பொறுக்கும் சூடே போதும். தீ மட்டும் கூடவே கூடாது. அடுத்து, தூண்டிலுக்குக் கட்டும் நைலான் நரம்பை எழுத்தின் பின்புறம் கொடுத்து, இரு கைகளாலும் ரம்பம் இழுப்பதுபோல் மெல்ல இழுத்தார். நரம்பு நுரையை மட்டுமே அறுக்கும், வண்ணத்தைக் கிழிக்காது. எழுத்து தானே கையில் வந்து விழுந்தது! மிஞ்சிய நுரையைக் கட்டைவிரலால் உருட்டி எடுத்தார்.

அதற்கும் மிஞ்சிய பிசுக்குக்கு என்ன செய்வது? ஒத்தது ஒத்ததைக் கரைக்கும் என்பது நாம் வகுப்பில் படித்த விதி. நீர் இதைக் கரைக்காது. நீலகிரித் தைலமோ மண்ணெண்ணெயோ துணியில் தொட்டுச் சிறிது ஊறவிட்டால் பிசுக்கு இளகிவிடும். தகடு ஆறிய பின்பே இதைச் செய்ய வேண்டும். அருகில் நெருப்பு இருக்கக் கூடாது.

தின்னர் மட்டும் ஆபத்து. ஆலையில் சூளையில் இறுக்கிய வண்ணத்தில் மூலக்கூறுகள் வலைபோல் பிணைந்திருப்பதால் அது எளிதில் கரையாது. ஆனால் பட்டறையில் அடிக்கும் நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட், கரைப்பான் ஆவியாவதால் மட்டுமே உலர்வது. தின்னர் பட்டால் மறுபடி கரைந்துவிடும். பழைய காரில் எது அடிக்கப்பட்டிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? எனவே எந்தத் திரவத்தையும் முதலில் அதே தகட்டின் மறைவான மூலையில் தொட்டுப் பார்க்க வேண்டும். துணியில் நிறம் ஏறினால் நிறுத்திவிட வேண்டும்.

எல்லாம் போனபின்பும் எழுத்தின் நிழல் தெரியலாம். சுற்றிலும் வெயில் பட்டு வெளிறியிருக்க, எழுத்தின் அடியில் பழைய நிறம் நிற்பதே காரணம். ரப்பிங் காம்பவுண்டால் மென்மையாகத் தேய்த்தால் குறையும். மிகுதியாகத் தேய்த்தால் மேற்பூச்சே தேய்ந்துவிடும். கடைசியில் கழுவி மெழுகு பூச வேண்டும்.

இத்தேவை எங்களுக்கு மட்டும் வந்ததன்று. 2024 மே 2 முதல், வாகனங்களில் அனுமதியின்றி ஒட்டிய அடையாள ஸ்டிக்கர்கள்மீது நடவடிக்கை எடுக்கப்படும் எனச் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை அறிவித்தது. ஸ்டிக்கருக்கும் இந்தச் சூடும் பொறுமையுமே மருந்து. ஆனால், சட்டப்படி இருக்க வேண்டிய எண்களிலும் எழுத்துகளிலும் கை வைக்கக் கூடாது.

நண்பர்களே! 'ஏன்' என்பதை வகுப்பறை எனக்குச் சொல்லித் தந்தது. 'எப்படி' என்பதைப் பட்டறை சொல்லித் தந்தது. படிக்கிறோம் என்பதாலேயே தெரிந்தவர்கள் ஆகிவிடமாட்டோம். தெரிந்தவரிடம் கேட்க வெட்கப்படாதிருப்பதும் படிப்பில் ஒரு பகுதியே.

இன்று எங்கள் காரின் டிக்கியில் யார் பெயரும் இல்லை. நான் பிளேடு வைத்த இடத்துக்கு அந்த அண்ணன் பெயிண்ட் அடித்துத் தந்தார். மாலை வெயில் படும்போது மட்டும் அவ்விடம் சற்றே வேறு நிறமாகத் தெரியும். தந்தையாரோ, தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்கிறார்.