மார்பகப் புற்றுநோய்: ரிப்போர்ட்டில் வரும் ஈ.ஆர், பி.ஆர், ஹெர்-2... அப்படீன்னா என்ன?

மார்பகக் கட்டிக்கு பயாப்ஸி எடுத்தால், ரிப்போர்ட்டில் எல்லோரும் முதலில் தேடுவது "புற்றுநோயா, இல்லையா?" என்பதைத்தான். ஆனால், எந்த மருந்து கைகொடுக்கும் என்பதைச் சொல்வது வேறு 3 பெயர்கள்: ஈ.ஆர், பி.ஆர், ஹெர்-2.

செல்லுக்கும் சிக்னல் உண்டா?

உண்டு. தாம்பரத்தில் பச்சை விழுந்தால்தான் பீச் ரயில் கிளம்பும். மார்பக செல்களும் அப்படித்தான். பருவ வயதில் ஈஸ்ட்ரோஜன் சிக்னல் கொடுக்க, பால் குழாய்கள் நீண்டு கிளை விடுகின்றன. கர்ப்ப காலத்தில் புரோஜெஸ்டிரோன், புரோலாக்டின் ஹார்மோன்கள் பால் சுரப்பிகளை வளர்க்கின்றன. குழந்தை பால்குடி மறந்ததும் சிவப்பு விழுகிறது. தேவையில்லாத செல்கள் தானாகவே அழிகின்றன.

புற்றுநோயில் நடப்பது என்ன?

மார்பகத்தை வளர்த்த அதே சிக்னல்தான் பல நேரங்களில் புற்றுநோயையும் வளர்க்கிறது. பச்சை விளக்கு அணையாமலே எரிந்தால் எப்படியோ, அப்படி. ஈ.ஆர் ஈஸ்ட்ரோஜனையும், பி.ஆர் புரோஜெஸ்டிரோனையும் பிடிக்கும் 'ஆன்டெனா'க்கள். ஹெர்-2, செல்லின் மேற்பரப்பில் இருந்து 'வளரு' என்ற கட்டளையை உள்ளே அனுப்பும் புரதம். சிலருக்கு இதன் மரபணு பல மடங்கு பெருகிவிடுகிறது.

சிகிச்சை எப்படி மாறும்?

* ஈ.ஆர் பாசிட்டிவ்: ஈஸ்ட்ரோஜன் சிக்னலைத் தடுக்கும் டமாக்ஸிஃபென் போன்ற மாத்திரைகள். பொதுவாக 5 ஆண்டுகளாவது எடுக்க வேண்டும். "இப்ப நல்லாத்தானே இருக்கேன்" என்று பாதியில் நிறுத்தக் கூடாது.
* ஹெர்-2 '3+': பாசிட்டிவ். டிராஸ்டுசுமாப் போன்ற மருந்துகள் உண்டு. '2+' என்றால் இன்னும் முடிவாகவில்லை. 'ஃபிஷ்' பரிசோதனை தேவை.
* மூன்றும் நெகட்டிவ்: மேலே சொன்ன மருந்துகள் பலன் தராது. கீமோதெரபியே முக்கிய சிகிச்சை. சிலருக்கு இம்யூனோதெரபியும் சேரும்.

சென்னையில் நடக்கும் ஆய்வு

2022-ல் மட்டும் இந்தியாவில் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வந்ததாக சர்வதேச மதிப்பீடு சொல்கிறது. ஆனால், உலக அளவிலான மரபணு ஆய்வுகளில் இந்தியர்களின் பங்கு குறைவு. இதைச் சரிசெய்யத்தான், கிண்டி அருகே உள்ள சென்னை ஐஐடி, 480 இந்திய நோயாளிகளின் மார்பகக் கட்டி, ரத்த மாதிரிகளை ஆராய்ந்து 2025 பிப்ரவரியில் புற்றுநோய் மரபணுத் தகவல் தொகுப்பை வெளியிட்டது. நம்மவர்களுக்கு எந்த சிக்னல் எங்கே கெடுகிறது என்று கண்டுபிடிக்க இது உதவும்.

எப்போது டாக்டரிடம் போகணும்?

கட்டி, தோலில் குழி விழுதல், காம்பு உள்ளிழுத்தல், காம்பில் ரத்தக் கசிவு இருந்தால் தாமதிக்க வேண்டாம். வலி இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இருக்காது. புற்றுநோய் உறுதியானால், "இந்த மூணு டெஸ்ட் ரிசல்ட் என்ன டாக்டர்?" என்று கேட்டுவிடுங்கள்.