நாலாம் விரலின் முரண்டு

உள்ளங்கையை மேசைமேல் கவிழ்த்து வையுங்கள். நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கிக்கொள்ளுங்கள். இப்போது கட்டைவிரலைத் தூக்குங்கள். சுலபம்! ஆள்காட்டி விரல், சுண்டுவிரல்? அவையும் எழும்பும். எங்கே, மோதிர விரலைத் தூக்குங்கள் பார்க்கலாம். அசைய மாட்டேன் என்கிறதா?

விரல்களை மடக்கி நீட்டும் பெரிய தசைகள் விரல்களுக்குள் இல்லை. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே இருக்கின்றன. ஒரு முன்கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கை விரல்களை ஆட்டிப் பாருங்கள். தோலுக்கு அடியில் தசை நெளிவது தெரியும். அங்கிருந்து நீளும் தசைநாண்கள் பொம்மலாட்டக் கயிறுபோல விரல்களை இழுக்கின்றன. புறங்கையில் நடுவிரல் நாணுக்கும் மோதிரவிரல் நாணுக்கும் குறுக்கே இணைப்பு உண்டு. ஒன்றை மடக்கினால் மற்றதும் மாட்டிக்கொள்ளும்.

பியானோ கலைஞர்கள் கட்டைவிரலை 1 என்று தொடங்கி விரல்களுக்கு எண் போடுவார்கள். நாலாம் விரலோடு அவர்களுக்கு எப்போதும் வழக்குதான். ஜெர்மனியின் ராபர்ட் ஷூமன் இளம் வயதில் விரல்களுக்கு வலுவேற்ற ஒரு கருவியை மாட்டிப் பயிற்சி செய்தார். அவருடைய வலக்கை கெட்டுப்போனது. கருவிதான் காரணமா, வேறு நோயா என்று இன்னும் விவாதிக்கிறார்கள். மேடைக் கனவு போனாலும், இசை அமைப்பதில் பெரும் புகழ் பெற்றார்.

சரி, நாணை மாற்ற முடியாது என்றால் பயிற்சி எதை மாற்றுகிறது? மூளையை! நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. உறை நன்றாக இருந்தால் செய்தி வேகமாகப் போகும். பியானோ கலைஞர்களின் மூளையைப் படமெடுத்து ஆராய்ந்த ஸ்வீடன் விஞ்ஞானிகள், சிறு வயதில் அதிகம் பயிற்சி செய்தவர்களுக்குச் சில நரம்புப் பாதைகள் கூடுதலாகச் செம்மைப்பட்டிருப்பதை 2005-இல் தெரிவித்தார்கள்.

அதற்காக நாள் முழுக்கப் பியானோவைத் தட்டினால் போதுமா? அமெரிக்காவின் லியான் ஃபிளைஷர் கதையைக் கேளுங்கள். 9 வயதில் ஆர்தர் ஷ்னாபெல் என்ற மேதையிடம் மாணவராகச் சேர்ந்தார். 16 வயதில் நியூயார்க் ஃபில்ஹார்மானிக் குழுவோடு வாசித்தார். 1952-இல் பெல்ஜியத்தின் எலிசபெத் ராணி போட்டியில் முதல் பரிசு. 1964-இல் வலக்கையின் நாலாம், ஐந்தாம் விரல்கள் தாமாகவே உள்ளே சுருளத் தொடங்கின. இதை டிஸ்டோனியா என்பார்கள். மூளையில் ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி இடம் உண்டு. ஒரே நுண்ணசைவை ஓயாமல் செய்கிற சிலருக்கு அந்த எல்லைகள் கலங்கி, விரல்களுக்குப் போகும் கட்டளை குழம்பிவிடுகிறது.

ஃபிளைஷர் வீட்டில் முடங்கவில்லை. மாணவர்களுக்குக் கற்பித்தார், இசைக்குழுக்களை நடத்தினார், இடக்கையால் மட்டும் வாசித்தார். அப்படியும் இசை இருக்கிறதா என்கிறீர்களா? முதல் உலகப் போரில் வலக்கையை இழந்த பால் விட்கென்ஸ்டைன் என்ற கலைஞருக்காகவே பிரான்ஸின் ராவெல் எழுதிய இசைக்கோவை ஒன்று உண்டே! பல ஆண்டுகள் கழித்து, முறுக்கிய தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி ஃபிளைஷருக்கு உதவியது. எழுபது வயதைத் தாண்டி, 2004-இல் ‘இரு கைகள்’ என்ற பெயரில் இசைத்தட்டு வெளியிட்டார்.

உங்களில் கீபோர்டு, வீணை, வயலின் கற்பவர்கள் இருப்பீர்கள். கை வலித்தாலோ, விரல் சொன்னபடி கேட்காவிட்டாலோ உடனே நிறுத்துங்கள். ஆசிரியரிடமும் வீட்டிலும் சொல்லுங்கள்.