ஆவுளியாவின் படம்

கென்யாவின் மசாய் மாராவிலோ தான்சானியாவின் செரெங்கெட்டியிலோ சிங்கத்தைப் படமெடுப்பது அவ்வளவு கடினமான காரியமில்லை. புல்வெளி திறந்து கிடக்கிறது. வண்டிகளைப் பார்த்துப் பழகிய விலங்குகள் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. ஊர் திரும்பும் பயணியின் கைபேசியில் சிங்கமும் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் நிறைந்திருக்கும். கடற்பசுவைத் தேடிப் போகிறவருக்கு இந்த வாய்ப்பு கிடையாது.

புதுக்கோட்டை மாவட்டத்துக் கடல், பாக் விரிகுடாவின் ஆழம் குறைந்த பகுதி. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் ஊர்களுக்கு எதிரே கடலடியில் புல் வளர்கிறது. அந்தப் புல்லை மேயும் பாலூட்டியான கடற்பசுவை மீனவர்கள் ஆவுளியா என்கிறார்கள். வளர்ந்த ஆவுளியா மூன்று மீட்டர் நீளமும் 400 கிலோ எடையும் வரை இருக்கும். ஒரு நாளில் 40 கிலோ புல் வரை தின்னும். உறவுமுறையில் இது டால்பினைவிட யானைக்கு நெருக்கம். முதுகில் துடுப்பு இல்லை. வாலோ டால்பினுடையதைப் போல இரண்டாகப் பிரிந்தது. நீருக்கு மேலே வந்தது டால்பினா ஆவுளியாவா என்ற குழப்பம் வந்தால், முதுகுத் துடுப்பு இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

படமெடுப்பதில் உள்ள சிரமம் அது மூச்சுவிடும் முறையில் இருக்கிறது. நாசித் துளைகள் முகத்தின் மேற்புறத்தில் இருப்பதால், மூச்சு வாங்கத் தலையை முழுதாக உயர்த்த வேண்டியதில்லை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூக்கு நுனி மட்டும் நீர்மட்டத்தைத் தொட்டுவிட்டு உள்ளே போய்விடும். படகிலிருந்து எடுக்கும் படத்தில் பெரும்பாலும் ஒரு பழுப்பு முதுகும் கலங்கிய நீரும்தான் இருக்கும். அந்த மங்கலான படத்தைக் குறையாக நினைக்க வேண்டியதில்லை. கடலில் ஆவுளியா மனிதருக்குக் காட்டும் முகம் உண்மையிலேயே அவ்வளவுதான்.

தெளிவான படங்கள் வேறு கடல்களிலிருந்து வருகின்றன. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் ஏறத்தாழ 10,000 ஆவுளியாக்கள் வாழ்வதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. 1991 முதல் அது உலகப் பாரம்பரியத் தலம். அங்கே படகில் போகும் பயணிகளுக்குக் கண்ணாடி போன்ற நீரில் ஆவுளியாவின் முழு உடலும் தெரியும். எகிப்தின் செங்கடல் கரையில் மார்சா ஆலம் பகுதியில் முக்குளிப்போர் அதன் அருகிலேயே நீந்திப் படமெடுக்கிறார்கள். ஒரே விலங்கைச் சுற்றிப் படகுகளும் ஆட்களும் நெருக்கினால் அது மேய்ச்சலை விட்டு விலகுகிறது. ஒதுங்கி நின்று எடுத்த படத்தில் மட்டுமே அது தன் இயல்பில் மேய்வதைப் பார்க்க முடியும்.

இந்தியாவில் எஞ்சியிருப்பவை சுமார் 240 என்று மதிப்பிடப்படுகிறது. அவற்றில் பெரும்பாலானவை தமிழ்நாட்டுக் கடலில்தான் உள்ளன. 2022 செப்டம்பர் 21 அன்று, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழக அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இந்த விலங்குக்கென அமைந்த முதல் காப்பகம் இது. அதிராம்பட்டினம் முதல் அம்மாப்பட்டினம் வரை நீளும் இதற்குள் 12,250 ஹெக்டேர் கடற்புல் பரப்பு இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதல் அட்டவணையில் ஆவுளியாவைச் சேர்த்து, அதற்கு மிக உயர்ந்த பாதுகாப்பைத் தருகிறது.

இந்தக் கரையிலிருந்து கிடைக்கும் மதிப்புமிக்க படங்களைப் பயணிகள் எடுத்ததில்லை. மீனவர்கள் எடுத்தவை அவை. ஆவுளியா வலையில் சிக்கினால் மேலே வந்து மூச்சுவிட முடியாமல் மூழ்கி இறந்துபோகும். உயிர் பிழைக்க வேண்டுமென்றால் யாராவது விரைந்து வலையை அறுத்தாக வேண்டும். வலை அறுந்தால் அன்றைய வருமானமும் போகும், பழுது பார்க்கும் செலவும் கூடும். அப்படியும் அறுத்துவிட்டவர்கள், அது நீந்திப் போவதைக் கைபேசியில் பதிவுசெய்கிறார்கள். வனத்துறையும் இந்திய வனவிலங்கு நிறுவனமும் அவர்களைப் பாராட்டி வெகுமதி வழங்கிவருகின்றன. ஆடும் படகில், ஈரக் கையால் எடுத்த அந்தக் காட்சிகளில் இடம், நாள், விலங்கின் அளவு, உடலில் காயம் உண்டா என்பதெல்லாம் இருக்கும். ஆய்வாளருக்கு இவையே சான்று. அழகுக்காக எடுத்த படம் எதுவும் இந்த வேலையைச் செய்யாது.

விலங்கு கண்ணில் படாத நாளிலும் அதன் தடம் படத்தில் பதியும். ஆவுளியா புல்லை வேரோடு பறித்துத் தின்பதால், மேய்ந்த இடத்தில் மணலில் வளைந்து வளைந்து செல்லும் தடங்கள் விழுகின்றன. நீர் தெளிந்த நேரத்தில் ஆளில்லா விமானம் மேலிருந்து எடுக்கும் படத்தில் அவை கோடுகளாகத் தெரியும். எந்தப் புல்வெளியில் அது அண்மையில் மேய்ந்தது என்பதை அதிலிருந்து கணிக்கலாம்.

ஆவுளியாவின் உறவான ஸ்டெல்லர் கடற்பசுவை ஐரோப்பியர் முதலில் கண்டது 1741இல். வேட்டையாடப்பட்டு 1768க்குள் அது அழிந்துபோனது. புகைப்படக் கலை பிறப்பதற்கு முன்பே மறைந்த அந்த விலங்குக்கு எழுத்துக் குறிப்புகளும் சில கோட்டோவியங்களும் எலும்புகளும்தான் மிச்சம். 2022இல் சீனக் கடற்கரையிலும் ஆவுளியா நடைமுறையில் இல்லாமல் போய்விட்டதாக ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். பாக் விரிகுடாவில் இன்றும் மூச்சு வாங்க மேலே வரும் ஆவுளியாவைக் கட்டுமாவடி, அம்மாப்பட்டினம் மீனவர்களின் கைபேசிகளால் பதிவுசெய்ய முடிகிறது.