பன்னிரு மாதமும் மிதிவண்டி

மிதிவண்டி ஏழையின் ஊர்தி என்றும், வசதி வந்ததும் விட்டுவிட வேண்டியது என்றும் ஓர் எண்ணம் நம்மவரிடையே வேரூன்றியிருக்கிறது. சொந்த ஊரில் பள்ளிக்கும் சந்தைக்கும் அதிலேயே சென்றவர், பெங்களூர் வந்து நிலையான ஊதியம் பெறத் தொடங்கியதும் முதற்காரியமாக அதைக் கைவிடுகிறார். ஆனால் ஆண்டின் பன்னிரண்டு மாதமும் மிதிவண்டியில் அலுவலகம் சென்று வருவதற்கு இந்நகரைப் போல் இசைவான பெருநகரம் இந்தியாவில் வேறொன்று உண்டா என்பது ஐயமே.

கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் பெங்களூர் அமைந்திருக்கிறது. சித்திரை வெயிலிலும் பகல் வெப்பம் சராசரியாக 34 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கும். தை மாத விடியலில் 15, 16 பாகை. வைகாசியில் சென்னையில் மிதிவண்டி மிதித்து அலுவலகம் சேர்பவர் சட்டையை மாற்றாமல் நாற்காலியில் அமர இயலாது. இங்கு அத்தொல்லை பெரும்பாலும் இல்லை. மழையோ எனின், ஆண்டுக்கு ஏறக்குறைய 970 மில்லிமீட்டர் பெய்கிறது. செப்டம்பர் மாதம் மிகுதி. எனினும் இவ்வூர் மழைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது பெரும்பாலும் பிற்பகலிலோ மாலையிலோதான் வரும். ஆகவே காலைப் பயணம் பல நாட்களில் நனையாமலே முடிந்துவிடும். மாலையில் சிறிது நேரம் பொறுத்திருந்தால் மழை ஓய்ந்துவிடுவதும் உண்டு. இரு சக்கரங்களுக்கும் நீண்ட மட்கார்டு, ஒரு மழைக்கோட்டு, நனைந்த மறுநாள் செயினுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் ஆகியன போதும்.

இடைவிடாமல் ஓட்டுவதை நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. நல்ல நாள் பார்த்து ஏறுபவருக்கு ஒவ்வொரு முறையும் கால்கள் புதிதாகவே பழக வேண்டியிருக்கும். நாள்தோறும் ஓட்டுபவருக்கு அந்த உழைப்பு உழைப்பாகவே தோன்றாது. அல்சூரிலிருந்து கோரமங்கலத்திற்கு ஏழு கிலோமீட்டர் என்று கொள்வோம். ஆண்டில் 240 வேலைநாட்கள் போய் வந்தால் 3,360 கிலோமீட்டர் ஆகிறது. சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு இருமுறை சென்று திரும்பியதற்கும் மேலான தூரம் இது! இதற்கெனத் தனியே ஒரு மணிநேரமும் ஒதுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரிட்டனில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றிய விவரங்களை ஆராய்ந்து 2017-இல் முடிவுகளை வெளியிட்டனர். மிதிவண்டியில் வேலைக்குச் செல்வோரிடையே இதய நோயும் புற்றுநோயும் குறைவாகக் காணப்பட்டன. முன்பே நலமாக இருப்பவர்தாம் மிதிவண்டியைத் தேர்ந்தெடுக்கிறார்களோ என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆயினும் மேசையருகே எட்டு மணிநேரம் அமர்ந்து எழுதும் நம்போன்றோர்க்கு, கால்களுக்கு வேலை தேவை என்பதை ஆய்வு சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

நாம் பெரிதாகக் கருதும் பயன் இன்னொன்று. பேருந்தில் செல்பவருக்கு நகரம் நிறுத்தங்களின் பட்டியல். மிதிவண்டியில் செல்பவருக்கு அது மேடும் பள்ளமும் உடைய நிலம். பெங்களூரின் நடுவே வடக்குத் தெற்காக ஒரு மேட்டுநிலம் ஓடுகிறது. அதன் கிழக்குச் சரிவில் விழும் மழைநீர் பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியே தென்பெண்ணையைச் சேர்ந்து, ஒசூர் அருகே தமிழகத்தில் நுழைகிறது. மேற்கே விழும் நீர் விருஷபாவதி, அர்க்காவதி ஆறுகள் வழியாகக் காவிரியை அடைகிறது. எந்தத் தெருவில் பெடல் கனக்கிறது, எங்கே தானாக உருள்கிறது என்று கால்கள் அறிந்தவருக்கு, 2022 செப்டம்பர் மழையில் பெள்ளந்தூர்ப் பகுதி வெள்ளக்காடானது வியப்பளித்திராது. மொழியும் இவ்வாறே வசமாகிறது. பஞ்சர் ஒட்டுபவரிடம் நின்று பேசாமல் மிதிவண்டி ஓட்ட முடியாது. அவர் ‘காளி’ என்றால் அஞ்ச வேண்டாம். கன்னடத்தில் அது காற்று.

இனி அச்சத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது வீண் அச்சமன்று. இந்நகரின் நெரிசல் நாடறிந்தது. 2020-இல் வெளிவட்டச் சாலையில் மிதிவண்டிக்கெனத் தற்காலிகத் தடம் ஒதுக்கப்பட்டது, அது நிலைபெறவில்லை. தடம் வரும்வரை நம் காவல் நம் கையில்தான். பெருஞ்சாலையை விடுத்து உட்தெருக்கள் வழியே ஒரு கிலோமீட்டர் சுற்றிச் செல்வது நன்று. நிற்கும் பேருந்தின் இடப்பக்கம் புகுதல் கூடவே கூடாது. மாலை ஆறு மணிக்கே முன்னும் பின்னும் விளக்கு எரிய வேண்டும், தலைக்கவசமும் வேண்டும். வீட்டுப் பெண்கள் ஓட்டலாமா என்று தயங்குவோர், 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது பல்லாயிரம் கிராமப் பெண்கள் மிதிவண்டி கற்றதை நினைவுகூர்க. அவர்களுக்குச் சாலை அன்றி ஊரார் கண்ணே பெருந்தடையாக இருந்தது.

ஓய்வுநாளில் பழகிக்கொள்ள ஏற்ற இடம் கப்பன் பூங்கா. ஞாயிற்றுக்கிழமைகளில் அதனுள் மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லை. குழந்தைகளையும் அழைத்துச் செல்லலாம். சில மாதங்கள் பழகிய பின்னர், விடியுமுன் புறப்பட்டு நந்தி மலைக்குப் போகலாம். ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவு. உச்சி 1,478 மீட்டர். கடைசி ஏழெட்டுக் கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறும். இறங்கி உருட்டிச் செல்வதில் வெட்கம் வேண்டாம். பலரும் அப்படித்தான் செல்கின்றனர். பாலாறு, தென்பெண்ணை, அர்க்காவதி ஆகிய மூன்றும் இந்த மலைப்பகுதியில் பிறப்பவை. வாணியம்பாடிக்காரரும் கிருஷ்ணகிரிக்காரரும் தத்தம் ஊர் ஆற்றின் தலைமாட்டில் நின்று இளைப்பாறலாம். இறங்கும்போது பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். இடைவிடாது பிடித்தால் ரிம் சூடேறும். அடிவாரம் சேர்வதற்குள் நன்கு பசித்துவிடும். வழியில் சிற்றுண்டிக் கடைகளுக்குக் குறைவில்லை.