192 லேசர் கதிர்களும் மிளகில் பாதி அளவுக் குண்டும்

அணுக்கரு இணைவில் அமெரிக்கா சாதனை என்று 2022 டிசம்பரில் செய்தி வந்தபோது, “அப்படியானால் மின்கட்டணம் குறையுமா?” என்று கேட்டவர்கள் உண்டு. இப்போதைக்குக் குறையாது. ஏன் என்பதைப் பார்ப்போம்.

கலிபோர்னியாவின் லிவர்மோரில் இருக்கிறது என்.ஐ.எஃப். எனப்படும் லேசர் ஆய்வுக்கூடம். 1997இல் பணி தொடங்கியது. மண்ணைத் தோண்டியபோது மாமூத் யானையின் எலும்புகள்கூடக் கிடைத்தன! 2009இல் கட்டி முடித்தபோது செலவு ஏறத்தாழ 350 கோடி அமெரிக்க டாலர். முதலில் போட்ட கணக்கு இதைவிட வெகு குறைவு. பத்து மாடி உயரம், மூன்று காற்பந்துத் திடல்களின் பரப்பு.

உள்ளே 192 லேசர் கதிர்கள் ஒரே நேரத்தில் ஒரு சிறு உலோகக் குழாய்க்குள் பாய்கின்றன. குழாயின் சுவர் சூடேறி எக்ஸ்ரே கதிர்களை உமிழ்கிறது. நடுவில் உள்ள, மிளகில் பாதி அளவேயான குண்டு அதில் நசுங்குகிறது. அதனுள் இருக்கும் ஹைட்ரஜன் வகைகள் ஒன்றோடொன்று இணைந்து ஆற்றலைத் தருகின்றன.

2022 டிசம்பர் 5இல் லேசர் கொடுத்தது 2.05 மெகாஜூல், கிடைத்தது 3.15 மெகாஜூல். இலாபம்தான். ஆனால் அந்த லேசரை உருவாக்க மின்கம்பியிலிருந்து எடுத்ததோ சுமார் 300 மெகாஜூல். தலைப்புச் செய்திகள் பலவற்றில் இந்த எண் காணாமல் போனது. உண்மையில் இக்கூடத்தின் முதல் வேலை மின்சாரம் அல்ல. 1992க்குப் பிறகு வெடிச்சோதனை நடத்தாத அமெரிக்கா, தன் அணுவாயுதங்களின் நிலையை அறிய உதவுவதே.

கட்டி முடித்த பிறகும் வேலை ஓயவில்லை. பெரிய தலைவலி கண்ணாடிதான். லேசரின் ஆற்றலைக் கூட்டினால், புறஊதா ஒளி தான் கடந்து செல்லும் லென்சையே பொத்தல் போடுகிறது. கண்ணுக்குத் தெரியாத புள்ளியாகத் தொடங்கி, ஒவ்வொரு முறை சுடும்போதும் பெரிதாகிறது. ஆகவே பழுதான கண்ணாடியைக் கழற்றி, புள்ளியைச் சீராக்கி, மீண்டும் மாட்டுகிறார்கள். நம் ஊர் பட்டறை வேலையைப் போலத்தான், துல்லியம் மட்டும் பல மடங்கு. இப்படித் தேறித்தான் 1.8 மெகாஜூலுக்கு வடிவமைத்த லேசர் 2023இல் 2.2ஐத் தொட்டது. அடுத்த இலக்கு 2.6.

மின் நிலையம் என்றால் நொடிக்குப் பல முறை சுட வேண்டும். என்.ஐ.எஃப். ஒரு முறை சுட்டால், கண்ணாடிகள் ஆறவே மணிக்கணக்காகும்.